பெருக்கினால் கேட்டுவிடுமா? ரிசீவரின் முன்முனைச் சுற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலில் செய்த 7 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரில் தொலைதூர நிலையங்கள் மெலிதாகத்தான் கேட்டன. ஆன்டெனாவுக்கும், வரும் சைகையின் அதிர்வெண்ணை மாற்றும் மிக்சருக்கும் நடுவில், அதாவது முன்முனையில், 20 டெசிபெல் பெருக்கி ஒன்றைச் சேர்த்தேன். மீட்டரின் முள் எகிறியது, மனம் குளிர்ந்தது. இருட்டியதும் ஒலிபரப்பு நிலையங்கள் வலுத்தன. எந்த நிலையமும் இல்லாத இடங்களில்கூடக் குரல்கள் குழம்பிக் கேட்டன. கேட்க நினைத்த நிலையம் அதில் மூழ்கிப்போனது. பெருக்கியைக் கழற்றிய பிறகுதான் ரிசீவர் பிழைத்தது.

அறை வெப்பநிலையில் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு வெப்ப இரைச்சல் சுமார் மைனஸ் 174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெலில் சொல்லும் அளவு). பேச்சுக்குரிய 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அது மைனஸ் 140 ஆகிறது. ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில், மின்சாதனங்கள் அதிகம் இல்லாத நாட்டுப்புறத்தில்கூட ஆன்டெனா வழியே வரும் இரைச்சல் இதைவிட ஏறத்தாழ 30 டெசிபெல் அதிகம். குடியிருப்புப் பகுதிகளில் இன்னும் மோசம். அப்படியிருக்க, ரிசீவரின் இரைச்சல் எண்ணை (ரிசீவர் தானாகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு) 12 டெசிபெலிலிருந்து 2 ஆகக் குறைத்தால் காதுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. சோதிப்பது எளிது. ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் மின்தடையைப் பொருத்துங்கள். மறுபடி ஆன்டெனாவை இணைக்கும்போது இரைச்சல் 10 டெசிபெல் உயர்ந்தால் உணர்திறன் போதும். அதற்குமேல் சேர்க்கும் பெருக்கம், வலுவான நிலையங்கள் ரிசீவரைத் திணறடிக்கத்தான் உதவும்.

144 மெகாஹெர்ட்ஸுக்கும் அதற்கு மேலும் போனால் கதை தலைகீழ். அங்கே வெளி இரைச்சல் குறைவு, ஒவ்வொரு டெசிபெலும் கணக்கு. ஹரால்ட் ஃப்ரீஸ் 1944-இல் வெளியிட்ட சமன்பாடு சொல்வது இதுதான்: முதல் கட்டத்தின் இரைச்சல் முழுதாகச் சேரும், அடுத்தடுத்த கட்டங்களின் இரைச்சல் முந்தைய பெருக்கத்தால் வகுபட்டுச் சேரும். கேபிளில் 3 டெசிபெல் இழப்பு, 20 டெசிபெல் பெருக்கமும் 1 டெசிபெல் இரைச்சல் எண்ணும் கொண்ட பெருக்கி, 6 டெசிபெல் எண் கொண்ட ரிசீவர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கியைக் கேபிளின் கீழ்முனையில் வைத்தால் மொத்தம் 4.1 டெசிபெல், மேலே ஆன்டெனாவின் அருகில் வைத்தால் 1.2. அதே பெருக்கி, அதே கேபிள். இந்த எளிய கணக்கைப் போடாமல் விலையுயர்ந்த டிரான்சிஸ்டரைத் தேடி அலைகிறவர்கள் ஏராளம்.

நேரியல்பு, அதாவது வலுவான சைகையையும் சிதைக்காமல் கடத்தும் தன்மை, இந்த விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். 7,020, 7,040 கிலோஹெர்ட்ஸில் இரண்டு வலுவான சைகைகள் இருந்தால், மூன்றாம் வரிசை இடைக்கலப்பு (ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்த அதிர்வெண்ணில் வரும் கலப்பு) 7,000-லும் 7,060-லும் போலிகளை உண்டாக்கும். உள்ளே வருவது ஒரு டெசிபெல் கூடினால் போலி மூன்று டெசிபெல் கூடும். இதைத் திருப்பிப் போட்டால் நமக்கு ஆதாயம்: 10 டெசிபெல் தணிப்பியை முன்னால் போட்டால் வேண்டிய சைகை 10 குறைய, போலி 30 குறைகிறது. பல ரிசீவர்களில் மிகப் பயனுள்ள பொத்தான் தணிப்பிதான். அதைத் தொடுவதற்குத்தான் ஆளில்லை.

இரண்டாம் வரிசைக் கலப்பையும் (இரண்டு அதிர்வெண்களின் கூட்டல் அல்லது வித்தியாசம்) மறந்துவிடக் கூடாது. 9.55 மெகாஹெர்ட்ஸ் நிலையத்துக்கும் 5.95 மெகாஹெர்ட்ஸ் நிலையத்துக்கும் உள்ள வித்தியாசம் 3.6, அது நேராக 80 மீட்டர் பட்டையில் வந்து உட்காரும். இதற்கு மருந்து, பட்டைக்கொரு வடிகட்டி. ஆனால் அந்த வடிகட்டிகளை மாற்றிவிடச் சாதாரண சிலிக்கான் டையோடுகளைப் போட்டால் நோயைக் கதவு திறந்து அழைத்தது போல. போதிய மின்னோட்டம் தந்த PIN வகை டையோடுகளோ ரிலேக்களோ நல்லது. உள்வாயிலில் பாதுகாப்புக்காக எதிரெதிராகப் போடும் டையோடுகளும், மிகச் சிறிய ஃபெரைட் வளையங்களும், மின்னழுத்தத்துக்கேற்பக் கொள்திறன் மாறும் வேரிக்கேப் டையோடுகளால் இசைவிக்கும் சுற்றுகளும் இதே குற்றவாளிகள்தான். பெருக்கியின் மின்னோட்டத்தை மிச்சப்படுத்துவதும் அப்படியே. 2 மில்லிஆம்பியரில் இரைச்சல் அழகாக இருக்கலாம், வலுவான சைகை வந்தால் அதே டிரான்சிஸ்டர் மண்டியிடும்.

மிக்சருக்குப் பின்னால் படிக வடிகட்டியை நேரடியாக ஒட்டுவது இன்னொரு பழைய தவறு. டையோடு வளைய மிக்சர் தன் எல்லா முனைகளிலும் எல்லா அதிர்வெண்ணிலும் 50 ஓமைப் பார்க்க விரும்புகிறது. படிக வடிகட்டியோ தன் பட்டைக்கு வெளியே வருவதையெல்லாம் திருப்பி எறிகிறது. இடையில், வேண்டாத அதிர்வெண்களைத் தனியே பிரித்து 50 ஓம் மின்தடையில் முடித்துவைக்கும் ஒரு டைப்ளெக்சர் வைத்தால் போதும். முன்பெருக்கிக்கும் மிக்சருக்கும் நடுவில் பிம்ப வடிகட்டி (மிக்சர் கூடவே ஏற்றுக்கொள்ளும் வேண்டாத இன்னொரு பட்டையான பிம்பத்தைத் தடுப்பது) இல்லையென்றால், பிம்பப் பட்டையில் பெருக்கி உண்டாக்கும் இரைச்சலும் மடிந்து வந்து சேர்ந்து, இரைச்சல் எண்ணை 3 டெசிபெல் வரை கெடுக்கும்.

ஒரு வலுவான நிலையத்தின் பக்கத்தில் மட்டும் இரைச்சல் மேடாக எழுந்தால் முன்பெருக்கியைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அது, மிக்சருக்கு அலை தரும் உள் ஆசிலேட்டரின் கட்ட இரைச்சல் (அலையின் கட்டம் நடுங்குவதால் வருவது).

அளப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு ஜெனரேட்டர்களை இணைத்துப் போலிகளை அளக்கும்போது, ஜெனரேட்டர்களே ஒன்றோடொன்று கலந்து போலிகளை உண்டாக்கக்கூடும். ரிசீவரின் வாயிலில் 10 டெசிபெல் தணிப்பியைப் போட்டுப் பாருங்கள். போலி 30 டெசிபெல் இறங்கினால் தவறு ரிசீவரில். 10 மட்டுமே இறங்கினால் ஜெனரேட்டர்களின் வேலை. ரிசீவரின் மூடியைத் திறக்க வேண்டாம்.