எஞ்சின் சத்தம்: கழற்றுவதற்கு முன் செய்யும் தவறுகள்

போன ஞாயிறு பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் தம்பி தன் டொயோட்டா 110 கொரொல்லாவோடு வந்தான். "அண்ணே, எஞ்சின் போயிட்டுதாம். பஞ்சிகாவத்தையில விலையும் கேட்டுட்டேன்." பஞ்சிகாவத்தை என்றால் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த இடம். சத்தத்தைப் போனில் பதிந்து நாலு பேருக்கு அனுப்பியிருந்தான், பொனட்டை மட்டும் யாரும் திறக்கவில்லை. நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நின்றேன். ஒயில் அளவு பார்ப்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

பெல்ட்டைக் கழற்றாமல் எஞ்சினைக் கழற்றுவது

என்னுடையதும் 110 தான், 5ஏ எஞ்சின். ஐட்லில் 'டொக் டொக்' என்று கனத்த தட்டல், அக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே வேகமெடுக்கும். கராஜுக்குள் நுழையும்போதே, "பெயாரிங் அடிக்குது போல பாஸ்" என்று நானே சொல்லிவிட்டேன். அரை நிமிடம் காதைக் கொடுத்த பாஸ், "ஓம், கொன்ரொட் பெயாரிங்" என்றார். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டின் பெயாரிங் அது. நோயின் பெயரை நாமே சொன்னால் வைத்தியர் வேறு எதைத் தேடுவார்?

பஞ்சிகாவத்தையில் பாவித்த எஞ்சின் ஒன்று வாங்கினோம். நாலு நாள் வேலை. பழைய எஞ்சினில் இருந்த ஓல்டர்நேட்டர், ஏசி கொம்பிரசர் எல்லாம் பிராக்கெட்டோடு புதியதற்கு மாறின. ஸ்டார்ட் பண்ணினால் அதே 'டொக் டொக்'.

பாஸ் என்னைப் பார்த்தார், நான் பாஸைப் பார்த்தேன். கடைசியில் கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்த பொடியன் ஏசி பெல்ட்டைத் தளர்த்தி எடுத்தான். சத்தம் நின்றது. கொம்பிரசர் பிராக்கெட்டில், போல்ட் துளையை ஒட்டி மயிரிழை போல ஒரு வெடிப்பு. துணியால் துடைத்த பிறகுதான் கண்ணுக்கே தெரிந்தது. இரண்டு மாதச் சம்பளம் அந்த மயிரிழைக்குள் போயிற்று. ஏசியை நிறுத்தினால் தட்டல் குறைந்திருக்கும், அது எனக்கு நல்ல துப்பு. ஆனால் காலி வீதி நெரிசலில், கொழும்பு வெக்கையில், யார் ஏசியை நிறுத்திப் பார்க்கிறார்கள்? இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். இந்த எஞ்சினில் ஏசிக்குத் தனி பெல்ட், ஓல்டர்நேட்டருக்குத் தனி பெல்ட். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்கள். ஓல்டர்நேட்டர் பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது, ஆகவே அது இல்லாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது. சத்தம் போய்விட்டால் கோளாறு எஞ்சினுக்கு வெளியே.

போகவில்லையா? அப்போது பிளக் வயர்களை ஒவ்வொன்றாக, சில விநாடிகள் மட்டும், கழற்றிப் பாருங்கள். ஷொக் அடிக்கும், ரப்பர் கையுறை போடுங்கள். ஒரு சிலிண்டரின் வயரை எடுத்ததும் தட்டல் தணிந்தால், அந்தச் சிலிண்டரின் கொன்ரொட் பெயாரிங்கைச் சந்தேகப்படலாம். அதற்கு அப்புறம்தான் எஞ்சின் விலை கேட்பது.

சூடான எஞ்சினைக் கொண்டுபோய்க் காட்டுவது

எக்ஸோஸ்ட் மெனிபோல்ட்டில் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாய்) சின்ன வெடிப்பு இருந்தால் காலையில் 'டிக் டிக்' என்று அச்சாகத் தப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் போலவே கேட்கும். இரும்பு சூடாகி விரிந்ததும் வெடிப்பு மூடிக்கொள்ளும், சத்தமும் போய்விடும். வெள்ளவத்தையிலிருந்து தெமட்டகொடை போய்ச் சேர்வதற்குள் கார் நல்ல பிள்ளையாகிவிடும். முதல் நாள் மாலையே கராஜில் விட்டுவிட்டு வாருங்கள்.

தடித்த ஒயில், போத்தல் மருந்து

தடித்த ஒயில் சத்தத்தை மூடும், தேய்மானத்தை அல்ல. இன்னொன்று: தப்பெட் சத்தத்துக்கென்று விற்கும் போத்தல்கள் ஹைட்ரோலிக் தப்பெட்டுக்கானவை. 5ஏ எஞ்சினில் இருப்பது ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து இடைவெளி சரிசெய்யும் தப்பெட். ஊற்றினால் காசுதான் கரையும்.

ஒயில் லைட் எரிய எரிய வீட்டுக்கு ஓட்டுவது

உடனே நிறுத்துங்கள். கட்டி இழுங்கள்.

சாரத்தோடு பொனட்டுக்குள் குனிவது

வேண்டாம்.

தம்பியின் காருக்கு வருகிறேன். இரண்டு பெல்ட்டையும் கழற்றியும் தட்டல் நிற்கவில்லை. மூன்றாவது பிளக் வயரை எடுத்ததும் பாதியாகக் குறைந்தது. அவனுக்கு எஞ்சின் போனது உண்மைதான். சனிக்கிழமை பஞ்சிகாவத்தைக்கு நானும் கூடப் போகிறேன். பிராக்கெட்டைத் துடைத்துப் பார்க்க ஒரு பழந்துணியும் எடுத்து வைத்திருக்கிறேன்.