ஸ்நார்க்கெலிங் போகும் முன்: மாஸ்க்கை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள்

சென்னையில் விமானம் ஏறினால் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேர், இப்போதைய ஸ்ரீ விஜயபுரம். மறுநாள் காலை வண்டூரிலிருந்து படகில் ஜாலி பாய் தீவு. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க்கும் வாயில் மூச்சுக்குழாயும் மாட்டி, குப்புற மிதந்தபடி அடியிலுள்ள பவளத்தைப் பார்ப்பதுதான் ஸ்நார்க்கெலிங். தொப்பி, துண்டு, மாற்றுத்துணி பற்றி எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் கோட்டை விடுவது வேறு இடங்களில்.

மாஸ்க்கைக் கடலில்தான் முதன்முதலாகப் போடுவது

மொத்தப் பயணமும் வீணாவது இதில்தான். படகில் கொடுத்த மாஸ்க்கை மாட்டி, பட்டையை இறுக்கிக்கொண்டு இறங்குவார்கள். அரை நிமிடத்தில் கண்ணெல்லாம் உப்புத்தண்ணீர். உடனே பட்டையை இன்னும் இறுக்குவார்கள். சிலிக்கான் விளிம்பு மடங்கி, ஒழுகல் கூடும். மாஸ்க்கை முகத்தோடு ஒட்டவைப்பது தண்ணீரின் அழுத்தம். பட்டை நழுவாமல் பிடிக்க மட்டுமே.

அளவு பார்ப்பது எளிது. பட்டையைப் பின்னால் தள்ளிவிட்டு மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்து நிறுத்துங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் உங்கள் அளவு. விழுந்தால் வேறு கேளுங்கள். விளிம்புக்கு அடியில் ஒரு முடிக்கற்றை இருந்தாலும் ஒழுகும். மீசைக்காரர்கள் மூக்குக்குக் கீழே மெல்லிய கோடாக மழித்துக்கொண்டால் போதும்.

சொந்தமாகப் புது மாஸ்க் வாங்கினால், கண்ணாடியின் உட்புறத்தைப் பற்பசையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தொழிற்சாலையில் படிந்த மெல்லிய படலம் போகாதவரை ஆவி படிந்துகொண்டே இருக்கும். இறங்கும் முன் ஒரு சொட்டு பேபி ஷாம்பு தடவி அலசினால் தெளிவாக இருக்கும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க்தான் வழி.

தண்ணீரை வெளியேற்றுவதை அபார்ட்மெண்ட் நீச்சல்குளத்தில் பழகுங்கள். மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்றே தூக்கி, மூக்கால் ஊத வேண்டும். குழாயில் புகுந்த தண்ணீருக்கு வாயால் ஒரே வீச்சாக ஊதினால் போதும். மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ பழக வேண்டாம். அலையும் இழுப்பும் அதிகம், தண்ணீரும் கலங்கல்.

இவ்வளவு சொல்லக் காரணம், மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தவர் அடுத்த நொடி காலை ஊன்றுகிறார். காலடியில் இருப்பது உயிருள்ள பவளம். கொம்புபோல் கிளைத்தது சட்டென்று ஒடியும். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். 2010-இல் கடல் சூடேறி அந்தமானில் பவளம் பெருமளவில் வெளுத்தது. அதில் தப்பியதை ஒழுகும் மாஸ்க்கால் மிதித்து உடைப்பதைப் பொறுக்கவே முடியவில்லை. மிதித்தவருக்கும் நல்லதில்லை. பவளம் கீறிய புண் சீக்கிரம் ஆறாது. தடுமாறினால் மல்லாந்து மிதந்துகொண்டு சரிசெய்யுங்கள். லைஃப் ஜாக்கெட் தாங்கும்.

வாந்தி மாத்திரையைப் படகில் போடுவது

குமட்டல் வந்தபின் பலனில்லை. டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நெய்ப்பொங்கலும் ஆகாது. இரண்டு இட்லி சரி. படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து, போனை விட்டுவிட்டுத் தொடுவானத்தைப் பாருங்கள்.

முதுகை மறப்பது

குப்புற மிதக்கும்போது வெயில் முழுக்க முதுகிலும் முழங்கால் பின்புறத்திலும்தான். முழுக்கை நீச்சல் சட்டையும் நீளக் காற்சட்டையும் போடுங்கள்.

பவளத்துண்டைப் பையில் போடுவது

செத்துக் கரை ஒதுங்கியதானாலும் எடுக்கக்கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம்.

தீவில் வாங்கிக்கொள்ளலாம் என்பது

கடையே கிடையாது. சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பைக்குத் தடை.

திங்கட்கிழமை திட்டமிடுவது

அன்று ஜாலி பாய் அடங்கிய தேசியப் பூங்காவுக்கு விடுமுறை.