தக்கலையிலிருந்து மெல்போர்னுக்கு ஐந்து மாதம்: அம்மா அப்பாவுக்குப் பெட்டி கட்டுவது எப்படி?

எங்கள் பக்கம் பிள்ளைகள் வெளிநாட்டில் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே பேரப்பிள்ளை பிறந்தால் இங்கே தாத்தாவும் பாட்டியும் பெட்டி கட்டியாக வேண்டும். போன வருஷம் என் அம்மாவையும் அப்பாவையும் மெல்போர்னில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஐந்து மாதத்துக்கு அனுப்பினேன். இருவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். நாங்கள் சொதப்பிய இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: காகிதங்கள்

திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கட்டும். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். நம் ஊரில் ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று ஆளுக்கொரு கோலம். அதனால் டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே போடுங்கள். ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படாது, மின்னஞ்சலில்தான் வரும். இரண்டு பிரதி எடுங்கள். அதில் 8503 என்ற எண் இருந்தால் அங்கே போய் விசாவை நீட்டிக்க முடியாது என்று அர்த்தம்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, பிரஷர் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

படி 2: முதலில் கைப்பை

எல்லோரும் பெரிய பெட்டியில்தான் தொடங்குவார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். நடுவில் விமானம் மாறிய இடத்திலேயே அம்மாவின் பெட்டி நின்றுவிட்டது, வீட்டுக்கு வந்து சேர இரண்டு நாள். பிரஷர் மாத்திரை முழுவதும் அதற்குள்! போனில் கேட்டால், "பத்திரமா இருக்கட்டும்னுதான் மக்களே பெரிய பெட்டியில வச்சேன்" என்கிறார்.

இப்போது எந்தப் பொருளை எடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: பெட்டி வராவிட்டால் இது இல்லாமல் இரண்டு நாள் ஓட்ட முடியுமா? முடியாது என்றால் கைப்பைக்குள் போகட்டும். மாத்திரை, மருந்துச் சீட்டு, கண்ணாடி, ஒரு மாற்று உடை, அப்புறம் ஒரு ஸ்வெட்டர். இங்கே வெயிலுக்குப் பயந்து மே மாதம் கிளம்புகிறவர்கள் அங்கே நேராகக் குளிர்காலத்தில் இறங்குவார்கள். மெல்போர்னில் ஜூலை மாத அதிகாலை ஆறேழு டிகிரிதான்.

மாத்திரை விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு ஒருவர் தன் உபயோகத்துக்கு மூன்று மாத மருந்துதான் கொண்டுபோகலாம். ஐந்து மாதத்துக்கும் மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். மீதிக்கு அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து எழுதி வாங்க வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடக் கூடாது. மருந்தின் வேதிப் பெயரோடு டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே. தைலம், கிரீம் எல்லாம் 100 மில்லிக்கு மேல் போகாத பாட்டிலில் வேண்டும். அங்கே பிளக் வேறு வடிவம், ஆனால் மின்சாரம் நம்முடையதைப் போல 230 வோல்ட். ஒரு அடாப்டர் போதும்.

படி 3: பெரிய பெட்டி

எத்தனை கிலோ என்பது உங்கள் டிக்கெட்டிலேயே இருக்கும். கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து போட்டுச் சேலைகளை அள்ளுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நம் ஆட்கள் தேங்காய் எண்ணெய் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். கொண்டுபோங்கள், ஆனால் வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். அம்மா கொண்டுபோன ஒடுங்கிய வாய்ப் பாட்டிலில் அது மெழுகுபோல இறுகி, காலையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி வைத்த பிறகுதான் தலைக்கு எண்ணெய். கொப்பரை மட்டும் எந்தப் பையிலும் வேண்டாம். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று விமானத்தில் அதற்குத் தடை.

தின்பண்டத்தில் ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து போன்றவை பரவாயில்லை. மிளகு, கிராம்பு எடுத்தால் லேபிள் ஒட்டிய கடைப் பாக்கெட்டாக எடுங்கள். பால் சேர்ந்த இனிப்பு, மட்டிப் பழம், விதைகள், பச்சைக் கறிவேப்பிலை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

படி 4: கிளம்பும் நாள்

நள்ளிரவு விமானங்களில் தேதி ஏமாற்றும். டிக்கெட்டில் 14ஆம் தேதி 00.30 என்று இருந்தால் 13ஆம் தேதி சாயங்காலமே வண்டி ஏற வேண்டும். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னாடி இருக்க வேண்டும். தக்கலையிலிருந்து சாலை காலியாக இருந்தால் சீக்கிரம் போய்விடலாம்தான். ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நான்கையும் நம்பக் கூடாது. நாங்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்பினோம், அது முழுதும் சாலையிலேயே கழிந்தது.

படி 5: விமானத்தில் தரும் அட்டை

இறங்குவதற்கு முன் ஆங்கிலத்தில் ஓர் அட்டை தருவார்கள். உணவு கொண்டுவந்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிடச் சொல்லிப் பழக்கி அனுப்புங்கள். சொல்லிவிட்டால் பொருள் போனாலும் அபராதம் இல்லை. மறைத்து மாட்டினால் பெரிய தொகை, விசாவே ரத்தாகவும் கூடும்.

அம்மா சரியாகக் குறியிட்டிருந்தார். அதிகாரி முந்திரிக்கொத்து டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். என்னிடம் சொல்லாமல் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த கறிவேப்பிலை மட்டும் போயிற்று. "நம்ம வீட்டு முற்றத்துல பறிச்சதுன்னு சொல்லியும் கேக்கல" என்று அம்மாவுக்கு இன்னும் ஆதங்கம்.