பழைய ஹிமாலயனா, புது ஹிமாலயனா: 411-க்கும் 450-க்கும் நடுவில் நிற்பவர்களுக்கு

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் பைக்குகளில் எது நல்ல வண்டி என்று மட்டும் கேட்டால், 450 என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். 24 குதிரைத்திறன் எங்கே, 40 எங்கே! 2016-இல் வந்த 411 ஹிமாலயன் காற்றிலும் ஆயிலிலும் சூடு தணிக்கிற, ஐந்து கியர் வண்டி. 2023 நவம்பரில் வந்த 450-க்குப் பெயர் மட்டும்தான் பழையது. லிக்விட் கூலிங், ஆறு கியர், தலைகீழ் ஃபோர்க் (முன்பக்க ஷாக்), வட்டமான கலர் திரையில் கூகுள் மேப் என்று எல்லாமே புதுசு. அது வந்ததும் 411-ஐ நிறுத்திவிட்டார்கள். ஆகவே இன்றைக்கு 411 வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்டில்தான் வாங்க முடியும். கேள்வியே இங்கேதான் சிக்கலாகிறது.

நான் இருப்பது சேலம். என்னிடம் 2021 மாடல் 411. ஓசூரில் வேலை பார்க்கிற மச்சானிடம் 450. அவன் ஊருக்கு வந்தால் சாவியை மாற்றிக்கொள்வோம். இதைத் தெரிந்துகொண்டு வண்டி வாங்கப் போகிறவர்கள் போன் செய்வார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, அடிக்கடி ஓட்டப்போகிற ரோடு எது என்பதுதான். லடாக் கணக்கில் வராது. லடாக்கை மனதில் வைத்து வண்டி எடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏற்காட்டுக்கும் ஒகேனக்கலுக்கும்தான் போய்வருகிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் வண்டியை அந்த ரோட்டுக்குத் தகுந்தபடி பார்க்க வேண்டும்.

இரண்டு இன்ஜினுக்கும் குணம் வேறு. 411 தன் முழு இழுவையான 32 நியூட்டன் மீட்டரை நாலாயிரத்துச் சொச்சம் ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடும். 450-இல் 40 இருக்கிறது, ஆனால் அதைத் தொட 5,500 வரை போக வேண்டும். முழு பவர் வருவது 8,000-இல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். பின்னால் வீட்டுக்காரம்மா, இரண்டு பக்கமும் பை, வளைவில் எதிரே பஸ். ஓரம் கட்டி, கிட்டத்தட்ட நின்று, மறுபடி கிளம்ப வேண்டும். 411-இல் இரண்டாவது கியரிலேயே கிளட்சைக் கொஞ்சம் தொட்டு ஆக்சிலேட்டரைத் திருகினால் முனகிக்கொண்டே ஏறிவிடும். 450-இல் அதையே செய்தால், 3,000-க்குக் கீழே இன்ஜின் திக்கும். முதல் கியருக்கு இறக்கித்தான் கிளப்ப வேண்டும். கிளம்பிவிட்டால் 411 பக்கத்தில்கூட வர முடியாது, அது வேறு. கியரைப் போட்டுப் போட்டு ஓட்டப் பிடித்தவருக்கு இது குறையே இல்லை. ஒரே கியரில் சாவகாசமாக ஏறிப் பழகினவருக்கு எரிச்சல் வரும்.

ஹைவேயில் கதை தலைகீழ். சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் லாரிகள் வரிசை கட்டி ஊரும். ஒன்றைத் தாண்டுவதற்குள் அடுத்தது குறுக்கே வரும். அங்கே 411-இல் ஓவர்டேக் என்பது முன்கூட்டியே யோசித்துச் செய்கிற காரியம். 80, 90 வேகம்தான் அதற்கு இதம். 100-ஐத் தாண்டினால் ஃபுட்ரெஸ்டிலும் ஹேண்டில்பாரிலும் அதிர்வு ஏறும், நேரம் ஆக ஆக விரல் மரத்துப்போகும். 450 அதே ரோட்டில் 110-இல் அலட்டாமல் போகும், அப்போதும் கையில் மிச்சம் இருக்கும். மாதத்துக்கு இரண்டு தடவை பெங்களூரு போய்வருகிறவர் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம், 450-ஐ எடுத்துவிடலாம்.

அடுத்தது கால். எடையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று: 411-இன் பிஎஸ்6 (2020-இல் வந்த புகை விதி) மாடல் 199 கிலோ, 450 அதைவிட 3 கிலோ குறைவு. சீட் உயரம்தான் வேறு. 411-இல் 800 மில்லிமீட்டர். 450-இல் 825, ஏற்றி வைத்தால் 845. ஷோரூமின் டைல்ஸ் தரையில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரைடுக்குப் போடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள், உங்கள் பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பக்கம் சரிந்த ரோட்டில் நிறுத்தி, கால் ஊன்றி, வண்டியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பாருங்கள். மலையில் வண்டி சாய்வது பெரும்பாலும் வேகத்தில் இல்லை, நிறுத்தும் இடத்தில்தான். 450-க்குத் தாழ்வான சீட்டும் கிடைக்கிறது, கேட்டு வாங்கலாம்.

டெஸ்ட் ரைடில் மூன்றாவது கியரில் 30-க்கு வேகத்தைக் குறைத்து, அப்படியே மெதுவாக ஆக்சிலேட்டரைத் திறந்து பாருங்கள். மேலே சொன்ன குணம் அந்த ஒரு நொடியில் விளங்கிவிடும். முடிந்தால் மத்தியான வெயிலில், சிக்னல் நெரிசலில் ஓட்டுங்கள். 450-இன் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது சூடு காலில் படுகிறதா என்பதை வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதில் பிரயோஜனமில்லை.

பஞ்சர் விஷயத்தைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். 411-இல் டியூப் டயர்தான். ஆனால் சென்டர் ஸ்டாண்ட் உண்டு, எந்தக் கடையிலும் கழற்றி ஒட்டிக்கொள்ளலாம். 450 ஆரம்பத்தில் டியூப் டயரோடுதான் வந்தது. டியூப்லெஸ் ஸ்போக் ரிம் 2024-இல்தான் வந்தது. புதிதாக எடுத்தால் கூடுதல் காசு கொடுத்து அதையே எடுங்கள், பழைய 450 பார்த்தால் எந்த ரிம் என்று முதலில் கேளுங்கள். 411-இன் டாப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, ஊர் மெக்கானிக்கே ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்வார். 450-இல் அதற்கு ஷிம் என்கிற சின்னத் தகட்டை மாற்ற வேண்டும், அது பழகின கையும் உரிய சாமானும் இருக்கிற இடத்தில்தான் நடக்கும்.

காசுக் கணக்கு: 2025 செப்டம்பரில் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆகிவிட்டது. புது 450-ஐ ரோட்டில் இறக்குகிற காசில் பாதிக்கு நல்ல 411 கிடைக்கும். மிச்சத்தில் டயர், ஜாக்கெட், பக்கவாட்டுப் பெட்டி, சில வருஷப் பெட்ரோலும்கூட வந்துவிடும்.

சரி, 411 என்று முடிவெடுத்தால் எந்த வருஷம்? கார்புரேட்டரோடு வந்த முதல் மாடல்களை விட்டுவிடுங்கள். 2020-இல் பிஎஸ்6 வந்தபோது பின்சக்கர ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) அணைக்கிற வசதியும் வந்தது. நான் தேடச் சொல்வது அதற்குப் பிந்தையதைத்தான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கடைசி வண்டி கிடைத்தால் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பற்றியும் கவலை வேண்டாம்.

பார்க்கப் போவது காலையில் இருக்கட்டும். வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், டீ வாங்கிக் கொடுத்து ஆற விடுங்கள். அப்புறம் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங். இந்த வண்டியில் சீக்கிரம் தேய்வதில் அதுதான் பேர்போனது. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவர் பின்னால் அழுத்தினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அப்போது ஹேண்டிலை ஒரு விரலால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மெதுவாகத் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் டக்கென்று ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் தேய்ந்துவிட்டது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் லொடலொடப்பும் தெரியும். இதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் எழும்பி இருக்கும்போதே அதைச் சுற்றிவிட்டு, ரிம் ஓரமாக விரலை அசையாமல் வைத்துப் பாருங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் அடி வாங்கியிருக்கிறது. ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், கணீரென்று கேட்காமல் சொத்தென்று கேட்பது தளர்ந்தது. கீழே குனிந்து இன்ஜின் கார்டைப் பாருங்கள். கீறல் சகஜம், ஆழமாக உள்வாங்கியிருந்தால் வண்டி எங்கெங்கே போயிற்று என்று விசாரியுங்கள். மீட்டரில் உள்ள திசைகாட்டி வடக்கைத் தப்பாகக் காட்டினால் அதற்காகப் பேரம் பேசாதீர்கள், நிறைய 411-இல் அது அப்படித்தான்.

ஓடிய கிலோமீட்டரை மீட்டரை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். வண்டி சர்வீஸுக்குப் போன இடத்தில் பழைய பதிவைக் காட்டச் சொல்லுங்கள். ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்ஓசி (தடையில்லாச் சான்று) கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். நிலுவையில் இ-சலான் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள். வெளிமாநில வண்டி மலிவாகத் தோன்றும். இங்கே கட்ட வேண்டிய வரியையும் என்ஓசிக்கு அலைகிற அலைச்சலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பேப்பர் மாறியதும் இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். விற்றவருடைய நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் எடுக்காததற்குக் கிடைக்கிற பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.