தோற்கப்போகும் பிரைமரியில் பிரசாரம் செய்யலாமா? கணக்குப் போடும் முறை

அமெரிக்க அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலந்தோறும் நடக்கும் பிரைமரியில், அதாவது உட்கட்சித் தேர்தலில், ஒரு மாநிலம் கிடைக்காது என்று கணிப்பு வந்ததுமே, "அங்கே எதுக்குப் பணத்தைக் கொட்டணும்?" என்ற பேச்சு பிரசாரக் குழுவில் கிளம்பிவிடும். பதில் சொல்வதற்கு முன் அந்த மாநிலத்தின் விதிகளைப் படியுங்கள். வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டில் எண்ணப்படுவது டெலிகேட்டுகள், அதாவது மாநிலங்களிலிருந்து வரும் பிரதிநிதிகள்தான்.

முதலில் பார்க்க வேண்டியது பங்கீட்டு முறை. வென்றவருக்கே எல்லாம் என்றால் இரண்டாம் இடத்துக்கு மதிப்பே இல்லை. 2016இல் ஃபுளோரிடா குடியரசுக் கட்சி பிரைமரியில் சொந்த மாநிலத்துக்காரரான மார்கோ ரூபியோ 27 சதவீதம் வாங்கினார். 99 டெலிகேட்டுகளும் டிரம்புக்கே போயின. தோல்வி உறுதி என்றால் இப்படிப்பட்ட மாநிலத்தில் ஒரு டாலரும் செலவழிக்காதீர்கள்.

ஜனநாயகக் கட்சியில் எங்கும் விகிதாசாரப் பங்கீடுதான். ஆனால் 15 சதவீதத்தைத் தொடாதவருக்கு எதுவும் கிடையாது. இந்த வரம்பு மாநில அளவில் ஒருமுறை, பெரும்பாலான மாநிலங்களில் ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதியிலும் (அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தொகுதி) தனியாக ஒருமுறை பார்க்கப்படும். ஆகவே 12 சதவீதத்தில் நிற்பவர் மாநிலம் முழுக்க டிவி விளம்பரம் போடுவது வீண். தனக்கு ஓரளவு செல்வாக்குள்ள சில தொகுதிகளில் 15ஐத் தாண்டப் பார்க்கலாம்.

இருமுனைப் போட்டி என்றால் தொகுதியின் டெலிகேட் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பாருங்கள். 4 டெலிகேட் உள்ள தொகுதியில் முந்துபவர் 62.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் 3 பெறுவார். இல்லையென்றால் 2க்கு 2. நீங்கள் 42இல் இருந்தால் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை, உங்கள் பங்கு வந்துவிட்டது. 36இல் இருந்தால் உடனே ஆட்களை அனுப்புங்கள், 37.5ஐத் தாண்டினால் ஒரு டெலிகேட் கூடும். 5 உள்ள தொகுதியில் 28 சதவீதத்துக்கு 1, 30ஐத் தாண்டினால் 2. மூன்றாவதற்கு 50ஐத் தாண்ட வேண்டும். 6 உள்ள தொகுதியில் பாதியைப் பிடிக்க ஏறத்தாழ 41.7 போதும். எல்லாத் தொகுதிகளையும் அட்டவணையில் போட்டு, அடுத்த வரம்புக்கு மூன்று புள்ளிக்குள் இருப்பவற்றை மட்டும் வட்டமிடுங்கள். பிரசாரம் அங்கே மட்டும்.

இங்கே பலரும் சறுக்குவது கணிப்பில். 600 பேரிடம் எடுத்த மாநிலக் கணிப்பை 9 தொகுதிகளாகப் பிரித்தால் தொகுதிக்கு 67 பேர்தான், பிழை 12 புள்ளி வரை போகும். அதை வைத்து 36 என்றும் 38 என்றும் பேசுவது வேடிக்கை. பழைய பிரைமரி முடிவுகளையும் வாக்காளர் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள்.

2008 பிப்ரவரி 5இல் நியூ ஜெர்சியை வென்ற ஹிலாரி கிளின்டனுக்கு 59க்கு 48 என்று 11 டெலிகேட்டுகள்தான் கூடுதல். அதே நாளில் குட்டி மாநிலமான ஐடஹோவின் காகஸில் (கட்சிக்காரர்கள் கூட்டமாகக் கூடி வேட்பாளரைத் தேர்வு செய்யும் முறை) அவரது போட்டியாளர் ஒபாமா 15க்கு 3 என்று 12 கூடுதலாக எடுத்தார். ஒபாமா தான் தோற்ற பெரிய மாநிலத்தில் இடைவெளியைச் சுருக்கியது எவ்வளவு பெறும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

ஒதுங்குவதென்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். 2000இல் குடியரசுக் கட்சிப் போட்டியில் ஜான் மெக்கெய்ன் முதல் மாநிலமான அயோவாவை விட்டுவிட்டு நியூ ஹாம்ப்ஷயரில் உட்கார்ந்தார், வென்றார். பாதி வழியில் கூடாரத்தைக் கலைத்தால் தோல்விச் செய்தி இரண்டு முறை வரும். எல்லா ஆரம்ப மாநிலங்களையும் விடுவதும் ஆபத்து: 2008இல் அதே கட்சியின் ரூடி ஜூலியானி ஃபுளோரிடாவையே நம்பியிருந்தார். அதற்குள் மற்றவர்கள் செய்திகளை நிரப்பிவிட்டார்கள். மூன்றாமிடம் வந்து மறுநாளே விலகினார்.

பிரசாரம் செய்யாவிட்டாலும் வாக்குச்சீட்டில் பெயர் இருக்க வேண்டும். வர்ஜீனியா 2012இல் 10,000 கையெழுத்து கேட்டது, ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதியிலும் குறைந்தது 400. குடியரசுக் கட்சிப் போட்டியாளர் நியூட் கிங்ரிச் தேறவில்லை. கையெழுத்து வேலைக்குக் கெடு தேதிக்குப் பல வாரம் முன்பே ஆள் போடுங்கள். செல்லாதவை கழியும் என்பதால் ஒன்றரை மடங்கு திரட்டுங்கள்.

வாக்கு எண்ணும் இரவில் வேட்பாளர் அந்த மாநிலத்தில் இருக்க வேண்டாம். அடுத்த மாநிலத்தில் மேடை போட்டு, முடிவு அறிவித்த அரை மணி நேரத்துக்குள் பேச வையுங்கள்.