கோசெரெலின் ஊசி: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

புற்றுநோய்ப் பிரிவில் புதிதாகச் சேரும் பயிற்சி மருத்துவர்கள் வருடா வருடம் அதே பள்ளங்களில் விழுகிறார்கள். நானும் விழுந்து எழுந்தவன்தான். காலாவதித் தேதி, நோயாளியின் பெயர் எல்லாம் சரிபார்க்க உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

மாத்திரை இல்லாமல் முதல் ஊசி

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. புராஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. கோசெரெலின் அந்த ஹார்மோனை அடக்கும் என்று படித்திருக்கிறோம், ஆனால் உடனே அடக்காது. மூளை விட்டுவிட்டு அனுப்பும் ஒரு தூண்டலின் நகல் இது. முதலில் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை உசுப்பிவிடும். ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தபிறகுதான் அது மரத்துப்போய் அடங்கும். அதனால் முதல் வாரத்தில் அந்த ஆண் ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன், ஏறும். முழுக்க இறங்க மூன்று வாரம் போல ஆகும்.

நோய் புராஸ்டேட்டோடு நின்றிருந்தால் பெரும்பாலும் தாங்கிவிடுவார்கள். முதுகெலும்புக்குப் பரவியிருந்தால் அந்த ஏற்றம் தண்டுவடத்தை நெரித்துவிடலாம், சிறுநீர்ப் பாதையை அடைத்துவிடலாம்.

நான் பயிற்சியில் இருந்தபோது ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் இடுப்பு வலியோடு வந்தார். எலும்பு ஸ்கேன் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. ஊர் தூரம், திரும்பி வருவாரோ மாட்டாரோ என்று அன்றைக்கே ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டேன். எட்டாம் நாள் மகன் தூக்கிக்கொண்டு வந்தார். "சார், அப்பாவுக்குக் கால் வரல, ஒண்ணுக்கும் போகல." ஸ்டீராய்டு கொடுத்தோம், கதிர்வீச்சு கொடுத்தோம். வலி குறைந்தது, நடை முழுதாகத் திரும்பவில்லை. நோய் தானாகவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று சீனியர் சமாதானம் சொன்னார். இருக்கலாம். ஆனால் முதுகைத் தட்டிப் பார்க்கவில்லை, கால் பலத்தைச் சோதிக்கவில்லை, பைகலூடமைட் எழுதவில்லை. மூன்றும் நான் செய்யாதவை.

பைகலூடமைட் மாத்திரை, ஹார்மோன் ஏறினாலும் புற்றணுவில் போய் ஒட்டவிடாது. தினம் ஒன்று, 50 மில்லிகிராம். ஊசிக்குச் சில நாள் முன்பே தொடங்கி, பிறகும் சில வாரம் தொடர வேண்டும். கூடவே ஈரல் பரிசோதனை. முதுகு வலியோ கால் தளர்ச்சியோ இருந்தால் முதலில் எம்.ஆர்.ஐ. தண்டுவடம் ஏற்கெனவே ஆபத்தில் என்றால் இந்த ஊசியே வேண்டாம். ஏற்றாமல் இறக்கும் டெகாரெலிக்ஸ் இருக்கிறது, விதை நீக்கும் அறுவையும் இருக்கிறது. "மாத்திரை ஸ்டாக் இல்லை சார், ஊசி இருந்துச்சு, போட்டுட்டேன்" என்று போன மாதம்கூட ஒருவர் சொன்னார்.

காற்றை வெளியேற்றுவது

வேண்டாம். உள்ளே திரவமே இல்லை, சின்னத் திடக் குச்சிதான். தள்ளினால் அதுதான் வெளியே விழும்.

வயிற்றில் எங்கே வேண்டுமானாலும் குத்துவது

இடம் தொப்புளுக்குக் கீழே, தோலுக்கடியில். ஊசி தடிமனானது. தோலை நன்றாகப் பிடித்துச் சாய்வாக ஏற்றுங்கள், தசைக்குள் போகாதீர்கள். அங்கே ரத்தநாளங்கள் ஓடுகின்றன. ஒல்லியானவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் என்றால் இரட்டைக் கவனம். சிரிஞ்சில் ரத்தம் தெரிந்தால் உருவிவிட்டு அழுத்திப் பிடியுங்கள். வேறு இடத்தில் புது ஊசி.

சர்க்கரையையும் எலும்பையும் மறப்பது

ஹார்மோன் இறங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். இரண்டையும் பாருங்கள்.

28 நாளை 'மாதம் ஒருமுறை' என்று சொல்வது

3.6 மில்லிகிராம் ஊசிக்கு இடைவெளி 28 நாள். புராஸ்டேட் நோயாளி ஓரிரு நாள் பிந்தினால் பெரிய ஆபத்தில்லை. மாதவிடாய் நிற்காத மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் கதை வேறு. அவர்களுக்குச் சூலகத்தை உறங்கவைக்கத்தான் இந்த ஊசி. பெண் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடும் அவர்களுக்கு ஊசி தள்ளிப்போனால் சூலகம் விழித்துக்கொள்ளும். அந்த மாத்திரையே அதை இன்னும் தூண்டும். "பீரியட்ஸ் நின்னுடுச்சே, கருத்தடை எதுக்கு?" என்பார்கள். வேண்டும், அதுவும் ஹார்மோன் இல்லாத முறை. நான் இப்போது அடுத்த ஆறு தேதிகளையும் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். தீபாவளியன்று விழுந்தால் முந்தின நாளே வரச் சொல்கிறேன்.