ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீட்டில் செவ்வாய்க்கிழமை வாழ முடியுமா? ஊர் மாறுபவர்கள் இடம் தேர்ந்தெடுக்க ஒரு செய்முறை

ஊர் மாறப் போகிறோம் என்று முடிவானதும் முதல் வேலையாக வீட்டு விளம்பரங்களைத் திறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நகரத்திலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை மாலை போய்ப் பார்த்தேன். வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல், பின்பக்கம் வரிசையாக மரங்கள். சாலை காலியாக இருந்ததால் 40 நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருந்தேன். அங்கேயே மனசு கையெழுத்துப் போட்டுவிட்டது.

குடிபோன பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை, அதே சாலையில் 1 மணி 20 நிமிடம் ஆனது. இரவு திரும்பியபோது வயல் இருட்டுக்குள் இருந்தது. 14 மாதம் அந்த வீட்டில் இருந்தேன். வேலை நாட்களில் அந்த வயலை வெளிச்சத்தில் பார்த்த தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதனால் இந்தச் செய்முறையில் வீடு ரொம்பப் பின்னால்தான் வரும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள்

இப்போது வாழ்கிற வாழ்க்கையில் ஒரு சாதாரண வேலை நாளை, எழுந்ததிலிருந்து படுக்கும் வரை, துண்டு துண்டாக நேரம் போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் அது எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை. அலுப்பு, நிம்மதி, எரிச்சல், எதுவாக இருந்தாலும் சரி.

இந்த முறை நான் கண்டுபிடித்ததல்ல. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய குழுவும் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களை முந்தைய நாளை இப்படிப் பிரித்து எழுதச் சொன்னார்கள். 2004இல் வெளிவந்த முடிவுகளில், காலையில் வேலைக்குப் போகும் பயணம் மகிழ்ச்சிப் பட்டியலின் அடியில் கிடந்தது. உங்கள் நோட்டிலும் அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

எழுதி முடித்ததும் தூக்கம், வேலை, சமையல், குழந்தைகள் என்று கை வைக்க முடியாத நேரத்தைக் கழித்துவிடுங்கள். மிச்சம் 3 அல்லது 4 மணி நேரம் இருக்கலாம். பயணமும் உங்கள் சொந்த வாழ்க்கையும் பங்கு போட்டுக்கொள்ள இருப்பது அவ்வளவுதான்.

இப்போது வருடக் கணக்கு. ஒரு வழிக்கு 45 நிமிடம், வருடத்தில் 230 வேலை நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 345 மணி நேரம். 8 மணி நேர வேலை நாளாக மாற்றினால் 43 நாட்கள். ஆறு மணிக்குக் கண் விழித்துப் பார்க்கும் மரத்துக்காக 43 நாள் கொடுக்கலாமா என்பது உங்கள் விருப்பம். சிலருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் எண்ணைத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

எவ்வளவு பயணம் தாங்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல், யாகோவ் சஹாவி என்பவரின் ஆய்வுகளை வைத்துக்கொண்டு சொன்னது: மனிதர்கள் எந்தக் காலத்திலும் ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நடந்து போன காலத்தில் நகரங்கள் சுமார் 5 கிலோமீட்டர் அகலத்துக்குள் அடங்கின. வண்டி வேகமானதும் நகரம்தான் பெருத்தது, நேரம் குறையவில்லை. கவனியுங்கள், போக வர இரண்டும் சேர்த்துத்தான் ஒரு மணி நேரம். என் சொந்த வரம்பு, வாரம் ஐந்து நாள் போகிறவருக்கு ஒரு வழிக்கு 45 நிமிடம். அதற்கு மேல் போனால் வார நாட்களில் வேறு எதுவும் மிஞ்சுவதில்லை.

வாரம் இரண்டு நாள் மட்டும் ஆபீஸ் என்றால் கணக்கு மாறுகிறது. இரண்டு நாள் ஒரு வழிக்கு 90 நிமிடம் போனாலும், ஐந்து நாள் 36 நிமிடம் போனாலும் வாரத்துக்கு 6 மணி நேரம்தான். ஹைப்ரிட் வேலையின் பெரிய லாபம் இது. ஆனால் ஆபீஸ் விதி ஒரு மின்னஞ்சலில் மாறிவிடும், வீடு அப்படி மாறாது. ஐந்து நாளும் வரச் சொன்னால் ஒரு வருடமாவது தாக்குப்பிடிக்கும் இடமா என்று பாருங்கள்.

படி 2: கதவிலிருந்து கதவு வரை அளந்து பாருங்கள்

"ரயிலில் 22 நிமிடம்தான்" என்று விளம்பரம் சொல்லும். அது ரயிலின் கணக்கு. உங்கள் கணக்கு வேறு. 7:25க்கு வீட்டைப் பூட்டுகிறீர்கள். ஸ்டேஷனுக்கு 9 நிமிடம். வண்டியை நிறுத்த இடம் தேட 4. பிளாட்பாரத்தில் முன்னெச்சரிக்கையாக 6. ரயில் 22. இறங்கி, கூட்டத்தோடு வெளியே வந்து நடக்க 12. லிஃப்டுக்கு 3. இருக்கையில் உட்காரும்போது 8:21. ஆக 22 நிமிடப் பயணம் 56 நிமிடம்.

வண்டிகளுக்கு இடையே எவ்வளவு நேரம் என்பதையும் பாருங்கள். 10 நிமிடத்துக்கு ஒன்று வந்தால், தவறவிட்டவர் முணுமுணுத்துவிட்டு அடுத்ததில் ஏறிவிடுவார். மணிக்கு ஒன்று என்றால் அந்தக் கால அட்டவணைதான் இனி உங்கள் முதலாளி. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ரயில் புறப்படும் முதல் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் ஊர்களைத் தனியாகக் கவனியுங்கள். அங்கே உட்கார இடம் கிடைக்கும். 30 நிமிடம் நின்றுகொண்டு போவதைவிட 45 நிமிடம் உட்கார்ந்து போவது எனக்கு எவ்வளவோ மேல்.

காரில் போகிறவர்கள் மேப் செயலியில் இப்போதைய நேரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். "இத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்" என்று கொடுத்து, வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள். 10 வேலை நாட்கள் தொடர்ந்து, புறப்பட வேண்டிய அதே நேரத்தில் பார்த்துக் குறியுங்கள். சராசரி எடுக்காதீர்கள். பத்தில் இரண்டாவது மோசமான நாளை எடுங்கள். சராசரியை நம்பிப் புறப்பட்டால் பாதி நாட்கள் தாமதம்தான்.

நெரிசல் ஏன் திடீரென்று கழுத்தைப் பிடிக்கிறது என்பதற்கு அமெரிக்க அரசின் சாலைத் துறை 1964இல் வெளியிட்ட ஒரு சூத்திரம் இருக்கிறது. போக்குவரத்துப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சாலை தாங்கும் அளவுக்குச் சரியாக வண்டிகள் வந்தால், காலிச் சாலையைவிட நேரம் 15 சதவீதம்தான் கூடும். அதைப்போல ஒன்றரை மடங்கு வண்டிகள் வந்தால் 76 சதவீதம் கூடும். இரண்டு மடங்கு வந்தால் 3.4 மடங்கு நேரம். அதனால் புறப்படும் நேரத்தை 25 நிமிடம் முன்னே தள்ள முடிகிறவருக்குத் தூரத்து ஊர்கூட சாத்தியமாகிறது. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் புறப்பட முடியும் என்கிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். ஆபீசுக்கு மேற்கே வீடு எடுத்தால் காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் ஓட்டுவீர்கள். இரண்டு வேளையும் சூரியன் கண்ணுக்கு நேரே. கிழக்கே எடுத்தால் இரண்டு வேளையும் முதுகுக்குப் பின்னால். ஒருவரும் சொல்லித் தருவதில்லை, முதல் வாரமே தெரிந்துவிடும். அப்புறம், ஊரிலிருந்து வெளியே வர ஒரே ஒரு பாலமோ ஒரே ஒரு ரயில்வே கேட்டோ இருந்தால் நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

படி 3: "பசுமை" என்றால் உங்களுக்கு என்ன?

பெரும்பாலானவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். "கிராமப்புறமாக வேண்டும்" என்ற ஒற்றை ஆசைக்குள் பல ஆசைகள் ஒளிந்திருக்கின்றன. அமைதி வேண்டுமா, தோட்டம் போட மண் வேண்டுமா, ஜன்னலில் மரம் தெரிய வேண்டுமா, நடக்க வழி வேண்டுமா, இரவில் நட்சத்திரம் தெரிய வேண்டுமா, நாய் ஓட இடம் வேண்டுமா, இல்லை பெரிய வீடு குறைந்த வாடகையில் கிடைத்தால் போதுமா? கடைசியாகச் சொன்னதுதான் உண்மையான காரணம் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பசுமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதி, வாரத்தில் எந்த நாளில், எந்த நேரத்தில் அனுபவிப்பீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். நேரம் எழுத முடியாததை அடித்துவிடுங்கள்.

2019இல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் விவரங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள், அங்கே போகவே போகாதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே தடவையில் கழித்தாலும், பல தடவையாகப் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. இதையே பயணத்தோடு வைத்துப் பாருங்கள். பசுமைக்கு வாரம் 2 மணி நேரம். அந்தப் பசுமைக்கு நடுவில் குடியிருக்க, சிலர் தினமும் 2 மணி நேரம் சாலையில் விடுகிறார்கள்.

ஜன்னலுக்கும் மதிப்பு உண்டு. ரோஜர் அல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மரங்கள் தெரியும் அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரியும் அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. ஒரு பெரிய பூங்காவின் ஓரத்தில் இரண்டாம் மாடி வீடு உங்களுக்குப் போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இதில் நான் அனுபவத்தில் கற்றது ஒன்று. வயல் சூழ்ந்த என் வீட்டிலிருந்து நடக்கப் போக வழியே இல்லை. வாசலில் இறங்கினால் நடைபாதை இல்லாத சாலை, லாரிகள். இரண்டு பக்கமும் வேலி போட்ட தனியார் நிலம். நடக்க வேண்டுமென்றால் காரை எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதனால் எந்த இடத்தைப் பார்த்தாலும் வாசலிலிருந்து 20 நிமிடம் நடந்து பாருங்கள். எங்கே தடைபடுகிறீர்கள் என்று குறியுங்கள். ஊர் விளிம்பில் இருக்கும் பல சாதாரணத் தெருக்கள் இந்தச் சோதனையில் அழகான பண்ணை வீடுகளைத் தோற்கடித்துவிடும்.

நகரமா கிராமமா என்ற இந்தத் தவிப்பு புதிதும் அல்ல. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்த எபனேசர் ஹோவர்ட், 1898இல் மக்களை இழுக்கும் மூன்று காந்தங்கள் வரைந்து காட்டினார். ஒன்று நகரம், ஒன்று கிராமம், மூன்றாவது இரண்டும் கலந்தது. 1903இல் லெட்ச்வொர்த் என்ற தோட்ட நகரத்தை அந்த யோசனையிலிருந்துதான் கட்ட ஆரம்பித்தார்கள். நீங்கள் தேடுவதும் அந்த மூன்றாவது காந்தமாக இருக்கலாம்.

படி 4: வீட்டில் இன்னும் யார் யார் பயணிக்கிறார்கள்?

இரண்டு பேர் வேலைக்குப் போனால், இருவர் நேரத்தையும் கூட்டிக் குறைந்ததைத் தேடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் ஒருவருக்கு 10 நிமிடம், இன்னொருவருக்கு 75 நிமிடம் என்ற இடம்கூட நல்லதாகத் தெரியும். ஆறு மாதத்தில் சண்டை வரும். யாருடைய பயணம் நீளமோ, அதைக் குறையுங்கள்.

வண்டி ஓட்டும் வயது வராத பிள்ளைகள் இருந்தால், பஸ் இல்லாத ஊரில் நீங்கள்தான் பஸ். நண்பன் வீடு, விளையாட்டு, டியூஷன் என்று ஒரு வாரத்தின் நடைகளை எண்ணிப் பாருங்கள்.

படி 5: வரைபடத்தில் வட்டம் போடாதீர்கள்

ஆபீசை மையமாக வைத்து 30 கிலோமீட்டர் வட்டம் போடுவது எளிது, பயனற்றது. ரயில் பாதை, நெடுஞ்சாலை வழியாகக் கை நீட்டும் ஒரு நண்டு மாதிரிதான் உண்மையான எல்லை இருக்கும். படி 2இல் சொன்ன முறையில் ஒவ்வொரு ஊரையும் சோதித்து, வரம்புக்குள் வருவதைப் பச்சையில் குறியுங்கள். படி 3இல் மிஞ்சிய ஆசைகளில் குறைந்தது இரண்டு அங்கே நிறைவேறுகிறதா? மூன்று ஊர்கள் தேறினால் போதும். பன்னிரண்டு வைத்துக்கொண்டால் விளம்பரம் பார்த்தே வருடம் போய்விடும்.

படி 6: மோசமான நேரத்தில் போய்ப் பாருங்கள்

ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு தடவை. ஒன்று வேலை நாள் காலை, ஆபீஸ் வரை முழுப் பயணமும் செய்து, முடிந்தால் மழையில். இன்னொன்று இரவு பத்து மணிக்கு மேல். காற்றடிக்கும் திசையைப் பொறுத்து, தூரத்து நெடுஞ்சாலை இரவில்தான் கேட்கும். கால்நடைப் பண்ணையின் வாடையும், அறுவடைக் காலத்தில் நள்ளிரவு வரை ஓடும் இயந்திரங்களும் கிராமத்தின் வேலை. குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை, தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வீட்டுக்குள் ஒவ்வோர் அறையிலும் கைபேசி சிக்னலைப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் டவுன்லோடு வேகத்தோடு அப்லோடு வேகத்தையும் கேளுங்கள், வீடியோ அழைப்பில் முகம் உறைவது பெரும்பாலும் அங்கேதான். தண்ணீர் கிணற்றிலிருந்தா போர்வெல்லிலிருந்தா என்று கேளுங்கள். மோட்டாரை நம்பியிருக்கும் வீட்டில் மின்சாரம் போனால், தொட்டி காலியானதும் தண்ணீரும் போகும். செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள்? பொதுவாக 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் எங்கிருந்து வரும் என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். பேச்சோடு பேச்சாக மற்ற விஷயங்களும் வந்துவிடும்.

படி 7: வாடகையையும் பயணச் செலவையும் ஒரே வரியில் எழுதுங்கள்

தனித்தனியாக எழுதினால் தூரத்து வீடு எப்போதும் மலிவாகத் தெரியும். சிகாகோவில் உள்ள சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்ற அமைப்பு, வீட்டுச் செலவும் போக்குவரத்தும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஓர் அளவு வைத்திருக்கிறது. இரண்டாவது கார் வாங்க வேண்டிவந்தால் அதன் தவணை, காப்பீடு, பார்க்கிங் எல்லாவற்றையும் இந்த வரியிலேயே சேருங்கள்.

பொருளாதார அறிஞர்கள் அலோய்ஸ் ஸ்டட்ஸரும் புரூனோ ஃப்ரையும் ஜெர்மன் குடும்பங்களின் விவரங்களைப் பார்த்தபோது, நீண்ட பயணம் செய்பவர்களுக்குச் சம்பளமோ வீடோ அந்த இழப்பை முழுதாக ஈடுகட்டவில்லை என்று தெரிந்தது. அதனால் இரண்டு இடங்களும் செலவில் சமமாக வந்தால், நான் ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டைத்தான் எடுப்பேன்.

படி 8: முதலில் வாடகைக்குப் போங்கள்

வாங்கும் எண்ணம் இருந்தாலும் 6 மாதம் வாடகைக்கு இருங்கள். அந்த ஊரின் மோசமான பருவம், மழையோ பனியோ வெயிலோ, அந்த ஆறு மாதத்துக்குள் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, படி 1இல் செய்தது போலவே நாளைத் துண்டு துண்டாக எழுதி, பழைய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டுங்கள். "எரிச்சல்" என்ற வார்த்தை எந்தப் பக்கத்தில் அதிகம் என்று எண்ணுங்கள். அதுவரை புத்தகப் பெட்டிகளைப் பிரிக்க வேண்டாம்.